இரண்டு முறை நேர்ந்துவிட்ட பிள்ளை

தாரந்தோ, இத்தாலி
15 செப்டம்பர் 1945

அன்புள்ள அண்ணிக்கு,

அம்புரோஸ் எழுதுகிறேன். உயிரோடிருக்கிறேன். நீங்களும் அண்ணனும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கடிதத்தின் தலையில் சேசு மரி சூசை என்று போடப் பேனாவை வைத்து, எடுத்துவிட்டேன். சாமியாராகாமல் குருமடத்தை விட்டு ஓடியவன் அதைப் போட்டால் அண்ணன் பார்த்துவிட்டு, "இதுக்கொண்ணும் கொறச்சல் இல்ல" என்பார்.

குருமடத்தை விட்டுவிட்டேன் என்று நாற்பத்தொன்றில் அண்ணனுக்கு நான் எழுதிய கடிதமும் அதற்கு அவர் போட்ட நான்கு வரிப் பதிலும் உங்களுக்குத் தெரியும். 'அம்மா நேர்ந்த வாக்கை உடைத்தவன் எனக்கு வேண்டாம். இனி எனக்குத் தம்பி என்று எழுதாதே.' அதனால்தான் அவருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். இதை அவரிடம் காட்டுவதும் மறைப்பதும் உங்கள் இஷ்டம். அவர் வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்ட பிறகு காட்டுங்கள். பசியோடிருக்கும்போது வேண்டாம்.

நான் மதராஸிலிருந்து வீட்டுக்குப் புறப்பட இருந்த நேரத்தில்தான் ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்தான். கப்பல் நின்றுவிட்டது. மதராஸில் திரிந்து பார்த்துவிட்டு, பட்டாள ஆஸ்பத்திரியில் புண் கட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் எகிப்து, பிறகு இத்தாலி. எனக்குப் பிரசங்கம் வரவில்லை அண்ணி, புண் கட்ட வருகிறது. இது தெரிய நான்கு வருஷக் குருமடமும் ஒரு யுத்தமும் தேவைப்பட்டன. இப்போது யுத்தமும் முடிந்து, கப்பலுக்காகத் துறைமுகத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

நம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் இருக்கிறதா? ரயில்வே பக்கம் குண்டு போட்டார்கள் என்று இங்கே பேப்பரில் படித்தேன். அண்ணன் இன்னும் என்ஜினில் நெருப்புத் தள்ளுகிறாரா, இல்லை டிரைவராகிவிட்டாரா? கிள்ளானில் உங்கள் சித்தப்பா வீட்டில் எல்லோரும் சுகமா? எல்லோரும் என்றுதான் கேட்டேன். ஒருத்தியை மட்டும் கேட்டதாக நீங்கள் எடுத்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

ஒரு வேடிக்கை கேளுங்கள். எங்கள் முகாமில் துணி வெளுக்க வரும் ஒரு பெண், நீ எந்த ஊர் என்று கேட்டாள். மலாயா அவளுக்குப் புரியவில்லை. மதராஸ் என்றேன். உடனே கையைக் கூப்பி, "உங்க தோமையார் எங்க ஊர்லதானே இருக்கார்" என்றாள். அவள் ஊர் ஒர்த்தோனா, வடக்கே கடலோரம். அப்போஸ்தலர் தோமையாரின் எலும்புகளை எழுநூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர்க் கப்பல்காரர்கள் கொண்டுவந்து கோயிலில் வைத்தார்களாம். மயிலாப்பூர்க் கல்லறையில் நான் முழங்கால் தேய மண்டியிட்டேனே, அப்போதும் அவர் இங்கேதான் இருந்திருக்கிறார்.

சீக்கிரம் பதில் போடுங்கள். இரண்டு வரி போதும்.

அம்புரோஸ்


பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1 அக்டோபர் 1945

சேசு மரி சூசை

தம்பி அம்புரோசுக்கு உன் அண்ணி உர்சுலா எழுதியது.

நீ உயிரோடிருப்பதில் எனக்குச் சந்தோஷம். அதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதப்போவதில் அது மறைந்துபோகக்கூடாது.

உன் அண்ணனிடம் உன் கடிதத்தைக் காட்ட முடியாது. அவர் இங்கே இல்லை. நாற்பத்து மூன்று மே மாதம் ஜப்பான்காரன் ரயில்வே ஆட்களைச் சியாமில் தண்டவாளம் போடக் கொண்டுபோனான். மூன்று மாத வேலை, முடிந்ததும் திருப்பி அனுப்புவோம் என்றான். ஸ்டேஷனில் வைத்து அவர் கழுத்தில் உத்தரியம் போட்டுவிட்டேன். பழைய உத்தரியம்தான், நாடாவில் கோத்த இரண்டு சின்னத் துணிச் சதுரமும் நைந்திருந்ததால் சுற்றிலும் நீல நூலில் புதிதாகத் தைத்தேன். வீட்டில் அந்த நூல்தான் இருந்தது. "நீலத்துல தைப்பாங்களா?" என்று சிரித்தார். அதுதான் கடைசி. இரண்டு வருஷம் நான்கு மாதமாக ஒரு வரி இல்லை.

நீ கேட்டாய் என்பதற்காக மற்றதையும் எழுதுகிறேன். மார்ச் மாதம் விழுந்த குண்டில் குவார்ட்டர்ஸில் இரண்டு வரிசை போயிற்று. நம் வீட்டில் கூரை ஓடு மட்டும். சாப்பாடு மரவள்ளி, மரவள்ளி, மறுபடி மரவள்ளி. என் கண் முன்போல் இல்லை, ஊசியில் நூல் கோர்க்க முடிவதில்லை. உன் கடிதத்தை வெயிலில் நின்றுகொண்டுதான் படித்தேன்.

இப்போது சியாமிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். வண்டி வரும் நாளெல்லாம் ஸ்டேஷனுக்குப் போகிறேன். இறங்குகிறவர்களை முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. ஒவ்வொருவரிடமும் போய், "ஃபயர்மேன் செபாஸ்டியன், பிரிக்பீல்ட்ஸ், தெரியுமா?" என்று கேட்கிறேன். தெரியாது என்கிறார்கள். சிலர் அழுகிறார்கள், ஏன் என்று சொல்வதில்லை.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். நீ கோபப்படுவாய். படு.

நாற்பத்து மூன்று டிசம்பர் இருபத்தொன்று, தோமையார் திருநாள். அந்தோனியார் கோயிலில் பூசை. காயத்தில் விரல் விட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றவர் அவர். என்னைப் போல ஆள் என்று நினைத்தேன். அவரிடம் நேர்ந்துகொண்டேன். என் புருஷனை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தால், அவர் தம்பி அம்புரோஸை மறுபடியும் குருமடத்தில் சேர்க்கிறேன் என்று.

நேர்வதற்கு என்னிடம் வேறு என்ன இருந்தது? தாலியைத் தவிர காதில் கழுத்தில் இருந்ததெல்லாம் மரவள்ளியாகி வயிற்றுக்குள் போயிற்று. பிள்ளையும் இல்லை. இந்த வீட்டில் மிச்சமிருந்தது நீதான். அதுவும் மாமியார் ஏற்கெனவே நேர்ந்து, நீ மீறியது. நீ மீறின இரண்டாம் வருஷம் இவரைக் கொண்டுபோனார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று படித்தவன் நீ சொல்வாய். தனியாகப் படுத்துக் கிடந்தவள் நான்.

நீ பேர் சொல்லாமல் கேட்டாயே, அந்தச் சாந்தமேரியிடமும் போன வருஷமே கிள்ளானுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகளை ஜப்பான்காரனுக்குப் பயந்து கிடைத்தவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் இரண்டு இடத்தை வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சரிக்கா. அத்தான் வந்து சேரட்டும்" என்றாள். அப்புறம் தையலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தோமையார் இருக்கும் ஊர் உனக்குப் பக்கத்தில் என்கிறாய். எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. நீ அங்கே போ. என் பேரைச் சொல்லி, வாக்கு வாக்குத்தான் என்று அவரிடம் சொல்லிவிட்டு வா.

உர்சுலா


தாரந்தோ
15 அக்டோபர் 1945

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. மூன்று முறை படித்தேன். முதல் முறை அண்ணனை நினைத்து அழுதேன். இரண்டாம் முறை உங்கள் மேல் கோபம் வந்தது. மூன்றாம் முறை இரண்டும் சேர்ந்து வந்தன.

என்னைக் கேட்காமல் என்னை எப்படி நேர்ந்தீர்கள்? மூன்று வயதில் அம்மை போட்டுக் கிடந்தபோது அம்மா நேர்ந்தாள். எனக்கு அப்போது பேச்சே சரியாக வராது, அவள் கேட்காததில் குற்றமில்லை. இப்போது எனக்கு இருபத்தைந்து வயது. நேர்ந்துவிட்ட கடாவுக்குக்கூடத் தலையில் தண்ணீர் தெளித்து, அது தலையை ஆட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு செய்வார்கள். எனக்கு அந்த மரியாதையும் இல்லை.

நீங்கள் செய்து வைத்திருப்பது என்னவென்று உங்களுக்குத் தெரிகிறதா? அண்ணன் வந்தால் நான் குருமடம் போக வேண்டும். அண்ணன் வராவிட்டால் எனக்கு விடுதலை, கிள்ளானுக்குப் போகலாம். இனி நான் எதற்காக மண்டியிட முடியும்? நேற்று ஒரு நொடி, ஒரே நொடி, ஒரு நினைப்பு வந்து போயிற்று. அது என்னவென்று எழுத மாட்டேன். என்னை வளர்த்தவரைப் பற்றி அப்படி ஒரு நினைப்பை என் தலைக்குள் கொண்டுவந்து வைத்தது உங்கள் நேர்ச்சை. இதை நான் மறக்க நாளாகும்.

மருந்துப் பெட்டிகள் ஏற்றிக்கொண்டு ஒரு லோரி வடக்கே போகிறது. மூன்று நாள் லீவு கேட்டிருக்கிறேன். உங்கள் வாக்கைச் சொல்வதற்காகப் போகவில்லை. என்னை விட்டுவிடச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.

ஒர்த்தோனா
18 அக்டோபர்

மேலே எழுதியதைக் கிழித்துவிட நினைத்தேன். இருக்கட்டும். கோபத்தோடு வந்தேன் என்பதும் உங்களுக்குத் தெரியட்டும்.

ஊர் கடலுக்கு மேலே மேட்டில் இருக்கிறது. நம் போர்ட் சுவெட்டன்ஹாமில் சேறும் அலையாத்தி மரமுமாகக் கடல் தொடங்கும். இங்கே அப்படி இல்லை, மேட்டிலிருந்து கீழே பார்த்தால் சட்டென்று நீலம். வெயில் அடிக்கிறது, ஆனால் நிழலுக்குப் போனால் குளிர்கிறது. திராட்சை பிழிகிற காலம். தெருவெல்லாம் புளித்த வாடை, கழுதை வண்டிகளில் கூடை கூடையாகக் கறுப்புத் திராட்சை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் டிசம்பரில் இந்தத் தெருக்களில் வீட்டுக்கு வீடு சண்டை நடந்தது. பாதி ஊர் இன்னும் கற்குவியல்தான். சுவர் மட்டும் நிற்கும் ஒரு வீட்டில், ஜன்னலிலிருந்து ஜன்னலுக்குக் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள்.

அந்தத் துணியெல்லாம் கறுப்பு, அண்ணி. இங்கே தாலி அறுத்த பெண்கள் கறுப்பு உடுத்துவார்கள். காலையில் கோயில் வாசலில் நின்றேன். உள்ளே போன பெண்களில் வேறு நிறம் உடுத்தியவள் ஒருத்திகூட இல்லை. உங்கள் நினைப்பு வந்தது. நீங்கள் இன்னும் சாயப் புடவைதான் கட்டுகிறீர்கள் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

கோயில் பாதி இடிந்து கிடக்கிறது. கல்லறை மேல் இருந்த கல் உடைந்துவிட்டது. எலும்புகளைச் சண்டைக்கு முன்பே பத்திரமாக ஒளித்துவிட்டார்களாம், எங்கே என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அங்கிருந்த சாமியாருக்கு இங்கிலீஷ் வராது, எனக்கு இத்தாலி மொழி கொஞ்சம்தான். கடைசியில் இருவரும் லத்தீனில் பேசினோம். குருமடத்தில் எனக்குப் பிடிக்காத பாடம் அதுதான். காக்கி உடையில் ஒரு கறுப்பன் லத்தீன் பேசியதும் அவர் என்னைச் சாமியார் என்றே நினைத்து எழுந்து நின்றார். இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணன் பேரில் ஒரு பூசை வைக்கக் கேட்டேன். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, "உயிரோடிருப்பவருக்கா, இறந்தவருக்கா?" என்று கேட்டார். இரண்டுக்கும் வேறு வேறு பூசை அல்லவா, அவர் கேட்டது நியாயம்தான். அவர் பேனாவோடு காத்திருந்தார். அந்த நேரத்தில் நான் கேட்க வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. 'உயிரோடிருப்பவருக்கு' என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பின்னால் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு அந்த உடைந்த கல்லில் கை வைத்துத் தமிழில் பேசினேன். மதராஸ்வரை வந்தவருக்குத் தமிழ் தெரியாமலா இருக்கும். 'என் அண்ணி உம்மிடம் சொன்னது என்னைக் கேட்காமல் சொன்னது. இப்போது நானே சொல்கிறேன். அண்ணனை அனுப்பும். நான் போகிறேன்' என்றேன். தலையில் தண்ணீர் தெளிக்காமலே கடா தலையை ஆட்டிவிட்டது.

சாந்தமேரியிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். நேரம் வரும்போது நானே எழுதுவேன். என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

அம்புரோஸ்


பிரிக்பீல்ட்ஸ்
20 அக்டோபர் 1945

சேசு மரி சூசை

தம்பிக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. காத்திருக்க முடியாமல் எழுதுகிறேன்.

பக்கத்து வரிசை பாலன், அண்ணனோடு ஒரே வண்டியில் போன ஃபிட்டர், வெள்ளிக்கிழமை சியாமிலிருந்து வந்து சேர்ந்தான். நான் போய்ப் பார்ப்பதற்கு முன் அவனே வீட்டு வாசலுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"செபாஸ்டியன் அண்ணே போயிட்டாருக்கா" என்றான். "வாந்திபேதி. நாப்பத்து மூணு ஜூலை மாசம்."

"நீ பாத்தியா?" என்று கேட்டேன்.

"நானும் பக்கத்துலதான் பேதில கெடந்தேன். மூணு நாள் நெனவு இல்ல. கண்ணு முழிச்சுப் பாத்தா அண்ணே படுத்திருந்த எடம் காலிக்கா."

"பொதைச்சதப் பாத்தியா?"

"இல்லக்கா. அங்க யாரு யார பொதைச்சா. எல்லாம் ஒரே குழி."

"பாக்கலன்னா பேசாத" என்று சொல்லிவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பேசும்போதெல்லாம் சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தான். எதையோ மறைக்கிறான் என்று பட்டது. பொய் சொல்கிறவன்தான் அப்படி நிற்பான். கதவைச் சாத்திவிட்டேன்.

இடம் காலி என்றால் செத்துவிட்டார் என்று அர்த்தமா? வேறு முகாமுக்குத் தூக்கிப்போயிருக்கலாம். அப்படிப் போனவர்கள் வந்திருக்கிறார்கள், நானே ஸ்டேஷனில் பார்த்திருக்கிறேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் நேற்று வந்து என் தாலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கழற்றப்போவதில்லை.

நீ தோமையாரிடம் போனாயா, இல்லையா? போயிருந்தால் இன்னொரு தடவை போ. அவருக்கு இது புரியும்.

உர்சுலா


தாரந்தோ
6 நவம்பர் 1945

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. என் கடிதமும் இதற்குள் உங்களுக்கு வந்திருக்கும். நடுக்கடலில் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் போயிருக்கின்றன.

பாலன் பொய் சொல்கிறவன் இல்லை. உங்களுக்கும் அது தெரியும்.

இந்த மூன்று வருஷத்தில் வாந்திபேதி வார்டில் நானும் வேலை செய்திருக்கிறேன். நினைவில்லாமல் கிடந்தவன் கண் விழிக்கும்போது பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ கட்டில்களில் போர்வையை மடித்தவன் நான். உங்களுக்கு இதை எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் நீங்கள் இன்னும் பத்து வருஷம் ஸ்டேஷனுக்குப் போவீர்கள்.

உயிரோடிருப்பவருக்கான பூசையை, இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்தவருக்கு வைத்திருக்கிறேன். சாமியார் பேனாவோடு காத்திருந்தபோது நான் சொன்ன பதில் தப்பு.

உங்கள் கணக்கில் நான் இப்போது விடுதலையானவன். அந்த விடுதலை எனக்கு வேண்டாம், அண்ணி. அன்று ஒரு நொடி வந்துபோன நினைப்பைப் பற்றி எழுதினேனே, அது நிஜமாகிவிட்டது போல இருக்கிறது. நான் நினைப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார் என்று புத்திக்குத் தெரிகிறது. மனசு கேட்க மாட்டேன் என்கிறது. கடைசியாக என்னிடம் அவர் சொன்ன வார்த்தை, தம்பி என்று எழுதாதே என்பது. அந்தக் கோபத்தோடுதான் அவர் அங்கே கிடந்தார், அதோடுதான் போனார். இதற்கு நான் செய்யக்கூடியது ஒன்றுதான் இருக்கிறது.

இருபதாம் தேதி எங்களுக்குக் கப்பல். பம்பாயில் இறங்கி மதராஸ் டிப்போவில் கணக்கு முடித்து விடுவிப்பார்கள். அங்கிருந்து நேராகக் குருமடத்துக்குப் போகிறேன். மலாயாவுக்கு வரவில்லை. அவர் கேட்டது நடக்கட்டும். டிப்போ விலாசம் கீழே எழுதியிருக்கிறேன்.

சாந்தமேரிக்குத் தனியாக எழுத முயன்றேன், முடியவில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே ஒரு தடவை சொன்னவர்தானே.

அம்புரோஸ்


பிரிக்பீல்ட்ஸ்
24 நவம்பர் 1945

சேசு மரி சூசை

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல சாந்தமேரி எழுதுகிறாள். என் கண்ணால் முடியவில்லை. சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், குறைக்கவும் கூட்டவும் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஆகவே இதில் அவளைப் பற்றி வருவதும் அவள் கையாலேயே வரும்.

உன் இரண்டு கடிதங்களையும் இவள் படிக்கக் கேட்டேன். ஒர்த்தோனாக் கடிதத்தைப் படிக்கும்போது அவள் இரண்டு இடத்தில் நிறுத்தினாள். எந்த இடம் என்று நான் சொல்லவில்லை.

உன் அண்ணன் இறந்துவிட்டார். இப்போது நானும் நம்புகிறேன். எப்படி நம்பினேன் என்று சொல்கிறேன்.

பாலனைக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அங்கிருந்து ஆள் அனுப்பினான், அக்கா ஒரு தடவை வரவேண்டும் என்று. கோபமாகத்தான் போனேன். என்னைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானைக் கழற்றினான். கழுத்தில் உத்தரியம் தொங்கிற்று.

"அண்ணேதான் போட்டுவிட்டாரு" என்றான். "எனக்குப் பேதி கண்ட அன்னிக்கு அவரு நல்லாத்தான் இருந்தாரு. 'இந்தா போட்டுக்க, ஒன்னும் ஆகாது லா'ன்னு சொன்னாரு. மறுநாள் அவருக்கு வந்துருச்சு. நா பொழச்சேன். கழட்டுனா செத்துருவேன்னு பயம். ரெண்டு வருசமா கழட்டல. அன்னிக்கு ஒங்க வாசல்ல வந்து நின்னப்பவும் கழுத்துலதான் இருந்துச்சு. கேட்டுருவீங்கன்னு மறைச்சிட்டேன். ஒங்க சாமிய நா போட்டுக்கிட்டு வந்துட்டேன், மன்னிச்சிருங்கக்கா."

அதை என் கையில் கொடுத்தான். எனக்குக் கண் சரியாகத் தெரியாதல்லவா, விரலால்தான் தடவிப் பார்த்தேன். என் தையல் எனக்குத் தெரியும். மூலையில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவேன், எங்கள் அம்மா சொல்லிக்கொடுத்தது. அந்த முடிச்சு விரலில் பட்டது. தோமையாருக்குக் காயம் காட்டினார்கள், எனக்கு முடிச்சைக் காட்டினார்கள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பாலனும் அழுதான். அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் விரல் விடவில்லை. நல்லவேளை விடவில்லை.

பதினேழாம் தேதி இறந்தவர் பூசை வைத்தேன். தாலியைக் கழற்றி அந்தோனியார் உண்டியலில் போட்டுவிட்டேன். சாந்தமேரி கிள்ளானிலிருந்து துக்கத்துக்கு வந்தாள், இன்னும் போகவில்லை. உத்தரியத்தை அவளிடம் காட்டியபோது, "அக்கா, ஒரு துண்டுலதான் முழுக்க நீல நூல்" என்றாள். மற்றத் துண்டில் மூன்று விளிம்பு நீலம், ஒரு விளிம்பு மட்டும் கறுப்பு. கறுப்புத் தையல் என்னுடையது இல்லை. கோணலும் மாணலுமாக, நெருப்புத் தள்ளுகிறவர் கைத் தையல் அது. அவரே பிரித்து, உள்ளே எதையோ வைத்து, மறுபடி தைத்திருக்கிறார். நான் பிரிக்கச் சொன்னேன். அவள் கத்தரியை எடுத்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள்.

உள்ளே ஒரு துண்டு ரப்பர் ஷீட், மடித்து வைத்திருந்தது. அதற்குள் ஒரு காகிதத் துண்டு, இரண்டு விரல் அகலம். ஒரு கடிதத்தின் அடிப்பக்கத்தைக் கிழித்தது. மை பரவியிருக்கிறது, ஆனால் படிக்கலாம். சாந்தமேரி படிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். "என்னடி, படி" என்றேன். "அவுங்க கையெழுத்துக்கா" என்றாள்.

'தங்கள் அன்புத் தம்பி, அம்புரோஸ்.' அவ்வளவுதான்.

நாற்பத்தொன்றில் உன் கடிதம் வந்த அன்று, என் முன்னால்தான் அதைக் கிழித்தார். அடுப்பில் போட்டதையும் பார்த்தேன். எல்லாவற்றையும் போட்டார் என்று நினைத்திருந்தேன். உனக்கு அந்த நான்கு வரியை எழுதும்போது இந்தத் துண்டு அவர் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. எழுதாதே என்று உன்னிடம் சொல்லிவிட்டு, எழுதியதைச் சியாம்வரை கொண்டுபோய், அங்கே இதற்குள் தைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என்னிடம்கூடச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட மனுஷன். எனக்கு அவர் மேல் கோபமாகக்கூட இருக்கிறது.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். அவர் போனது ஜூலை. நான் நேர்ந்தது டிசம்பர். ஐந்து மாதத்துக்கு முன்னால் போனவருக்காக நான் பேரம் பேசியிருக்கிறேன், அதுவும் எனக்குச் சொந்தமில்லாத பொருளை வைத்து. தோமையார் சிரித்திருப்பார், இல்லை அழுதிருப்பார். பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். இன்னொருவர் உயிரை நீ நேர முடியாது, அது நேர்ச்சையே இல்லை என்றார். இதை முன்பே கேட்டிருக்கலாம். கேட்டால் இப்படித்தான் சொல்வார் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

உனக்கு நான் பெரிய அநியாயம் செய்துவிட்டேன், தம்பி. நீ நினைத்ததாக எழுதினாயே அந்த ஒரு நொடி, அது என் கணக்கில் சேரட்டும், உன் கணக்கில் வேண்டாம். சாந்தமேரிக்கும் செய்துவிட்டேன். இதை எழுது என்கிறேன், எழுத மாட்டேன் என்று அழுகிறாள். எழுதுடி.

நீ குருமடம் போவேன் என்கிறாய். நான் தடுக்க மாட்டேன், இனி உன் விஷயத்தில் எனக்கு வாயில்லை. ஆனால் அண்ணன் கோபத்துக்காகப் போகாதே. அவர் கோபம் அடுப்போடு போயிற்று. போவதானால் அந்தக் காகிதத்தை வந்து பார்த்துவிட்டுப் போ.

கடிதத்தோடு வைத்து அனுப்பலாமே என்றாள் சாந்தமேரி. முடியாது என்றேன். தொட்டுப் பார்க்காமல் நம்புகிற ஆட்கள் நம் வீட்டில் யாரும் இல்லை.

மதராஸிலிருந்து எப்போது கப்பல் என்று எழுது. ஸ்டேஷனுக்கு வருகிறேன். இந்தத் தடவை யார் இறங்கப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு வருவேன்.

உன் அண்ணி
உர்சுலா